புலால் மறுத்தலும் பயறு வளர்த்தலும்

ஊன் கலவாத உணவைத் தமிழர் ‘சைவம்’ என்று வழங்குகின்றனர். ஒரு சமயத்தின் பெயரே உணவின் பெயராக நிலைத்துவிட்டது. எனினும், கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டு, அதனை இல்லறத்தாரின் அடுக்களை வரை எடுத்துச் சென்றதில் சமணத்துக்குத் தலையாய பங்கு உண்டு என்பதை இலக்கிய வரலாறு அறிந்தோர் ஒப்புவர். புலால் மறுத்தலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளும், அருங்கலச்செப்பும், நீலகேசியும், யசோதர காவியமும் பிறந்த மொழி தமிழ்.

ஆனால் இன்றைய நிலை வேறு. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஊன் உண்ணாதவர் 100க்கு 2 பேர் அளவிலேயே உள்ளனர். அதே கணக்கெடுப்பில் குசராத்தில் 100க்கு 60 பேருக்கு மேலும், இராசத்தானில் 100க்கு ஏறத்தாழ 75 பேரும் ஊன் உண்ணாதவர்கள். கொல்லாமையை இவ்வளவு விரிவாகப் பாடிய மொழியில் ஊன் உண்ணாதோர் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் என்ன? அந்தச் சிறு தொகையினரின் இல்லங்களில் மட்டும் புலால் மறுத்தல் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்தது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, அறநூல்களோடு வயலையும் அடுக்களையையும் சேர்த்து நோக்க வேண்டும்.

சங்க காலத்து உணவு

பழந்தமிழர் ஊன் உண்டனர் என்பதில் ஐயமில்லை. கீழடி அகழாய்வில் மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி முதலியவற்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவற்றுள் சில உணவுக்காக வெட்டப்பட்ட தடம் உடையவை. ஆற்றுப்படை நூல்களில் விருந்து என்றாலே சுட்ட இறைச்சியும் கொழுந்துவையும் வருகின்றன. அந்தணர் மரபினராகிய கபிலரும், ஊன்சோறு உண்பதன்றி வேறு தொழில் அறியாததால் தம் கை மென்மையாயிற்று என்று சேரமன்னனிடம் கூறுவதைப் புறநானூற்றில் காணலாம். அந்நாளில் ஊன் உண்ணுதல் உயர்வு தாழ்வின் அடையாளமாக இருக்கவில்லை.

ஆயினும் பயற்றுணவு அக்காலத்திலும் இல்லாமல் இல்லை. தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் கொள்ளும் பச்சைப்பயறும் பயிரிட்டதைத் தொல்தாவர ஆய்வுகள் காட்டுகின்றன. முல்லை நிலத்தார் வரகுச் சோற்றுடன் அவரைப் பருப்பை வேகவைத்து உண்டதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அகநானூற்றில் இரு திருமணப் பாடல்கள் உள்ளன. 86ஆம் பாடலில் மணவிருந்து உளுந்து கூட்டிச் சமைத்த களி. 136ஆம் பாடலின் மணவிருந்து இறைச்சியும் நெய்யும் சேர்ந்த வெண்சோறு என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். ஒரே நூலில், ஒரே வகையான மங்கல நிகழ்ச்சியில், ஓரிடத்தில் ஊனும் மற்றோரிடத்தில் உளுந்தும் பரிமாறப்படுகின்றன. புலால் மறுத்தல் என்னும் கொள்கை தமிழகத்தில் பரவியபோது, மாற்று உணவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவை எழவில்லை. அது முன்பே நிலத்தில் விளைந்துகொண்டிருந்தது.

துறவியின் நெறி இல்லத்தின் நெறியானது

மதுரையை அடுத்த மாங்குளம் குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்பர். நெடுஞ்செழியன் காலத்தில் நந்தசிரிகுவன் என்னும் சமணத் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை அவை தருகின்றன. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் கொடையாளராக அங்கே குறிக்கப்படுகின்றனர். அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகரும் கொழு வணிகரும் வெல்லப்பாகு விற்போரும் இடம் பெறுகின்றனர். மன்னரும் வணிகரும் ஊராரும் துறவியரைப் பேணிய காலம் அது.

இப்பேணலில் உணவு வரலாற்றுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சமணத் துறவி தாமே சமைப்பதில்லை. ஒரு நாளில் ஒரு வேளை, இல்லறத்தார் தூய்மையாகச் சமைத்து அளிக்கும் உணவையே ஏற்பர். துறவிக்கு ஆகாரதானம் அளிக்க விரும்பும் இல்லம், அந்த ஒரு வேளைக்கு மட்டும் அடுக்களையைத் தூய்மை செய்துவிட முடியாது. கலமும் அடுப்பும் நீரும் நாள்தோறும் ஊனின் தொடர்பின்றி இருத்தல் வேண்டும். இவ்வாறு துறவியின் நோன்பு இல்லத்தின் வழக்கமாக மாறியது.

நூல்களும் இதற்குத் துணை நின்றன. திருக்குறளில் புலால் மறுத்தல் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது. சமண நூல்களோ அதனை இல்லறத்தாருக்கும் உரிய அடிப்படை ஒழுக்கமாக விதித்தன. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரம், ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் விலக்கி ஐந்து அணுவிரதங்களைக் காப்பதைச் சாவகரின் மூலகுணங்களாகக் கூறுகிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. துறவு பூண்டோர் சிலரே ஆவர், இல்லறத்தாரோ பலர். நெறியை இல்லறத்தாரின் மேல் வைத்ததனால்தான் அது குடும்ப வழக்கமாகித் தலைமுறைகளைக் கடந்தது.

கொன்றவரும் வாங்கியவரும்

கொல்லாமையை ஒப்புக்கொண்டும் ஊனை விலக்காத ஒரு நிலை அக்காலத்தில் இருந்தது. தமக்கெனக் கொல்லப்படாத ஊனை ஏற்பது குற்றமன்று என்று பௌத்தருள் ஒரு சாரார் கருதினர். சமணர் இதனை ஏற்கவில்லை. உண்பார் இல்லையேல் விற்பார் இல்லை, விற்பார் இல்லையேல் கொல்வாரும் இல்லை என்பது அவர்களின் வாதம். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்திலும் இக்கருத்து உண்டு. குண்டலகேசி என்னும் பௌத்த நூலுக்கு மறுப்பாக எழுந்த நீலகேசியிலும் ஊன் உண்ணுதல் பற்றிய வாதம் விரிவாக நிகழ்கிறது. வாங்குவோரின் விருப்பமே கொலைக்குத் தூண்டுகோல் என்பதை இன்றைய பொருளியல் அறிஞர் தேவை, வழங்கல் என்னும் சொற்களால் விளக்குவர்.

அந்த நீலகேசியின் தொடக்கத்திலேயே மற்றொரு செய்தி வருகிறது. மகப்பேற்றின் பொருட்டுக் காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க வந்தவர்களிடம், உயிர்களுக்கு மாற்றாக மண்ணாற் செய்த உருவங்களைப் படைக்குமாறு முனிச்சந்திரர் அறிவுறுத்துகிறார். வழிபாட்டை அவர் தடுக்கவில்லை. பலிப்பொருளை மட்டும் மாற்றினார். யசோதர காவியமோ இதன் எல்லையைக் காட்டுகிறது. தீக்கனவுக்குப் பரிகாரமாக உயிர்ப்பலி கொடுக்கத் தாய் வற்புறுத்த, மன்னன் மறுத்து, முடிவில் மாவினாற் செய்த கோழியை வெட்ட இசைகிறான். கோழி மாவாயினும், வெட்டும்போது மனத்தில் இருந்த எண்ணம் கொலை எண்ணமே. அதன் பயனாகத் தாயும் மகனும் பல பிறவிகள் விலங்காய்ப் பிறந்து துன்புற்றனர் என்கிறது காவியம். மாற்று வேண்டும் என்பது முதல் நூலின் படிப்பினை. மாற்றும்போது மனமும் மாற வேண்டும் என்பது இரண்டாம் நூலின் படிப்பினை.

ஆய்ச்சேரியின் பாலும் வயலின் பயறும்

ஊனை விலக்கிய குடும்பம் உடலுக்கு வேண்டிய புரதத்தை எங்கிருந்து பெற்றது? சிலப்பதிகாரம் ஒரு காட்சியைத் தருகிறது. சமணத் துறவியாகிய கவுந்தி அடிகள் கண்ணகியை மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்மகளிடம் அடைக்கலம் தருகிறார். கோவலன் சாவக நோன்பி ஆதலின், அதற்கேற்ற பொருள்களை ஆயர் மகளிர் கொண்டு வருகின்றனர். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், நெல்லரிசி, இவற்றுடன் தங்கள் ஆநிரையின் பாற்பயன். கோவலனின் கடைசி உணவு அது. ஆயர் இல்லத்தில் புரதத்தைத் தந்தது பால்.

ஆனால் எல்லா ஊர்களிலும் எல்லாப் பருவத்திலும் பால் மிகுதியாகக் கிடைப்பதில்லை. அக்குறையை நிறைத்தது பயறு. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரத்துக்கு முன், ஈரம் உலராத வயலில் நிற்கும் நெற்பயிரின் நடுவே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் விதைப்பர். நெல்லை அறுத்தபின், எஞ்சிய ஈரத்தையும் தைப் பனியையும் கொண்டே அவை விளைந்துவிடும். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரசனைப் பயிருக்கு ஏற்ற உணவாக மாற்றுவதால் மண்ணும் வளம் பெறும். கரந்தை, மன்னார்குடி, தீபங்குடி எனச் சமணர் வாழ்ந்த படுகை ஊர்களில் இது பழகிய காட்சி. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களிலோ துவரையும் காராமணியும் ஊடுபயிராயின; மழை தவறிய மேட்டு நிலத்திலும் கொள்ளு விளைந்தது. தென் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த வேர்க்கடலை, 19ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு மாவட்டங்களில் பெருகி, ‘மல்லாட்டை’ என்று அவ்வட்டாரத்தின் சொந்தப் பயிரே ஆயிற்று.

வட இந்தியச் சமணர் பெரும்பாலும் வணிகராக வாழ, தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவராக வாழ்ந்தனர். ஊனை விலக்கிய குடும்பமே பயற்றை விதைத்த குடும்பமாகவும் இருந்தது. சந்தையில் விலை ஏறினாலும் குதிரிலும் பானையிலும் பயறு இருந்தது. கொள்கை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கோயிலும் இம்மாற்றத்தில் பங்கு கொண்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அரிசியோடு பருப்பமுது, நெய்யமுது, தயிரமுது, கறியமுது என இறைவனுக்குப் படைக்கும் உணவின் அளவுகள் விதிக்கப்பட்டுள்ளன. கோயிலில் படைக்கப்பட்ட உணவு ஊராரின் சிறப்பு நாள் உணவுக்கு முன்மாதிரி ஆயிற்று. கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் திருமந்திரமும் தனித்தனியே பாடியது. கண்ணப்பர் படைத்த ஊனை இறைவன் ஏற்ற வரலாற்றைப் போற்றும் சைவமே, பின்னாளில் ஊன் நீத்த உணவுக்குத் தன் பெயரைத் தந்தது. சமணத்தோடு வாதிட்ட சமயங்களும் அதன் உணவு நெறியைத் தமதாக்கிக்கொண்டன எனலாம்.

அண்டை நாடாகிய கன்னடத்தில் கிடைக்கும் சான்றும் இங்கே நினைக்கத்தக்கது. 10ஆம் நூற்றாண்டில் சிவகோட்டியாசாரியார் எழுதிய வட்டாராதனை என்னும் சமண உரைநடை நூலில் ‘இட்டலிகே’ என்னும் உணவு குறிக்கப்படுகிறது. 1025ஆம் ஆண்டளவில் சாவுண்டராயர் எழுதிய லோகோபகாரம், உளுந்தை மோரில் ஊறவைத்து நன்கு அரைத்துத் தயிர்த் தெளிவும் நறுமணப் பொருள்களும் சேர்த்துச் செய்யும் முறையைக் கூறுகிறது. அரிசி அதில் இல்லை, முழுதும் உளுந்தே. இன்று உலகறிந்த இட்டலியின் மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு சமண நூலில் இருப்பது, ஊன் நீத்த அடுக்களை சுவையில் குறைவைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அடை, வடை, சுண்டல், கூட்டு, பருப்புருண்டைக் குழம்பு, கொள்ளு ரசம், உளுந்தங்களி என விரியும் தமிழ் அடுக்களையும் அவ்வழியில் வந்ததே. இவற்றை ஆக்கிய பெண்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் கொல்லாமை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது அவர்கள் கைப்பக்குவத்தின் வழியே.

எல்லாரிடமும் ஏன் பரவவில்லை?

இவ்வளவு இருந்தும் தமிழ் மக்களில் பெரும்பாலோர் ஊனை விலக்கவில்லை. அதற்கும் காரணங்கள் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடற்கரையும், ஏரி குளங்களும் உள்ள நாட்டில் மீன் எளியோரின் உணவு. நிலமற்ற உழைப்பாளிக்குக் கூலியாக நெல் கிடைத்தது, பருப்பு கிடைக்கவில்லை. வயல் நண்டும் நத்தையும் குளத்து மீனும் செலவின்றிக் கிடைத்த புரதம். பயறு விளையும் நிலம் அவருடையதாக இல்லாதபோது, புலால் மறுத்தல் அவருக்குப் பட்டினியாகவே முடிந்திருக்கும்.

குசராத்தில் 12ஆம் நூற்றாண்டில் ஏமசந்திரரின் அறிவுரையால் குமாரபாலன் என்னும் சோலங்கி மன்னன் உயிர்க்கொலையைத் தடை செய்தான். அங்கே அரசாணையோடு வணிகரின் செல்வாக்கும், பின்னர் வைணவத்தின் பரவலும், கால்நடை வளர்ப்பால் கிட்டிய பாலும் ஒன்றுசேர்ந்தன. தமிழகத்தில் அத்தகைய காரணங்கள் ஒருங்கே அமையவில்லை. மேலும், ஊன் உண்ணாமை காலப்போக்கில் குல உயர்வின் அடையாளமாயிற்று. ஊன் உண்போரை இழிவாக நோக்கும் வழக்கம் தோன்றியது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் பிறர்க்குத் துன்பம் செய்யாமையே அகிம்சை. உணவைக் காட்டி மனிதரைத் தாழ்த்தும் சொல் அந்த நெறிக்குப் புறம்பானது. அறமாகச் சொல்லப்பட்டபோது கேட்க இசைந்த மக்கள், இழிவாகச் சொல்லப்பட்டபோது விலகிச் சென்றனர்.

இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியவர் இராமலிங்க வள்ளலார். புலால் மறுத்தலை வற்புறுத்திய அவர், 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச் சாலையை நிறுவிப் பசித்தோர்க்கெல்லாம் சாதி, சமய வேறுபாடின்றி உணவளித்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஊனை விடச் சொன்னவர், உண்ணச் சோற்றையும் தந்தார்.

முழுவதும் மாறாவிடினும் தமிழ் மக்களின் உணவு பேரளவு மாறியுள்ளது என்பதையும் மறத்தலாகாது. வெள்ளிக்கிழமை, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி என ஊன் உண்பவரும் ஊனை விலக்கும் நாட்கள் ஆண்டில் பல. அந்நாட்களில் இலையில் இருப்பவை பருப்பும் பயறுமே.

இன்றைய கணக்கு

பசுமைப் புரட்சிக் காலத்தில் நெல்லும் கோதுமையும் பெற்ற ஊக்கத்தைப் பயறு பெறவில்லை. 1951ஆம் ஆண்டில் இந்தியாவில் தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 61 கிராம் பயறு கிடைத்தது. 2007ஆம் ஆண்டளவில் அது 35 கிராம் அளவுக்குக் குறைந்தது. பின்னர் ஓரளவு மீண்டது. அந்த 2007ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் துவரம்பருப்பும் உளுத்தம்பருப்பும் குறைந்த விலையில் வழங்கும் சிறப்புப் பொது வினியோகத் திட்டம் தொடங்கியது. ஊன் உண்போர், உண்ணாதோர் ஆகிய இரு சாரார்க்கும் அது பயன் தந்தது.

பள்ளிச் சத்துணவில் 1989 முதல் முட்டை சேர்க்கப்பட்டது. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் 1 கிராம் அளவே. குழந்தையின் நோன்பு மதிக்கப்பட்டது. ஆனால் அதன் உடலுக்குரிய ஈடு கிடைக்கவில்லை. 25 கிராம் பயற்றில் செய்த ஒரு கிண்ணம் சுண்டல் அந்த ஈட்டைத் தரும்.

வீடுகளிலும் இக்கணக்கு பொருந்தும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். 300 கிராம் அரிசியில் ஏறத்தாழ 22 கிராமும், 75 கிராம் பருப்பில் 17 கிராமும், 300 மில்லிலிட்டர் பாலில் 10 கிராமும் கிடைக்கும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கிறது. ஆனால் இன்று பல இல்லங்களில் சோற்றின் அளவு அப்படியே இருக்க, பருப்பு நீர்த்த சாம்பாராகச் சுருங்கிவிட்டது. 20 கிராம் பருப்பு தருவது 5 கிராமுக்கும் குறைவான புரதமே. ஊனை விலக்கிய இல்லத்தில் பயறும் குறைந்தால், அங்கே எஞ்சுவது மறுத்தல் மட்டுமே. அதன் விளைவை முதலில் தாங்குவோர் வளரும் பிள்ளைகளும், தாய்மை அடைந்த பெண்களும், முதியோரும் ஆவர். உடல் தளரும்போது, நோன்பே காரணம் என்று பிறர் கூறவும் பிள்ளைகள் அதை நம்பவும் இடமுண்டாகும். குறை நோன்பில் இல்லை. அதனோடு சேர்ந்து வந்த பயற்றைக் கைவிட்டதில் உள்ளது.

தாவரப் பொருளால் ஊனின் வடிவிலும் சுவையிலும் செய்யப்படும் புதிய உணவுகளும் இன்று அங்காடிக்கு வந்துள்ளன. ஊன் உண்டு பழகியவர் அதனை விட அவை துணை செய்யுமாயின், அவை முனிச்சந்திரர் காட்டிய மண்ணுருவங்களைப் போன்றவை. ஊனை அறியாத இல்லத்தில் ஊனின் சுவையைப் பழக்குமாயின், அவை யசோதரனின் மாக்கோழியை நினைவூட்டும். எதனை ஏற்பது என்பதை அவரவர் மனமே உணரும்.

தமிழ்ச் சமண இல்லங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்து வந்தவை இரண்டு. ஒன்று, ஊனை மறுக்கும் உறுதி. மற்றொன்று, அந்த உறுதியைத் தாங்கிய பயறும் பாலும் அவற்றைப் பக்குவம் செய்யும் கலையும். முன்னது நூல்களில் எழுதப்பட்டுள்ளது, மறைந்து போகாது. பின்னது பாட்டியரின் கையளவிலும் வயல் வரப்பிலும் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகளுக்கு நோன்பின் பொருளைக் கற்பிக்கும் இல்லங்கள் உளுந்தங்களியும் கொள்ளு ரசமும் செய்யும் பக்குவத்தையும் உடன் கற்பித்தால், இரண்டும் சேர்ந்தே அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.